கார் எங்க தூங்குது?

பின்சீட்டில் ஏறியதும் மார்லிஸ் முதலில் செய்வது பூட்ஸைக் கழற்றுவது. வெளியே மைனஸ் முப்பதோ நாற்பதோ, அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. சாம்பல் நிறக் கம்பளிக் காலுறையோடு இரண்டு பாதங்களையும் காரின் தரையில் பதித்துக் கண்களை மூடிக்கொள்வாள். "ம், எடு வண்டிய. வீட்டுக்குப் போற மாதிரி ஓட்டு. என்கிட்ட பேசாத, ரேடியோவும் வேணாம்." காரின் சொந்தக்காரர்தான் ஓட்டவேண்டும். பின்னால் ஒரு பெண்மணி தூங்குவதுபோல உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அவர் ஓட்டுவார். நான்கு தெரு சுற்றி வந்ததும் மார்லிஸ் கண்ணைத் திறப்பாள். "ரெண்டாவது கியர்லேர்ந்து மூணுக்குப் போறப்ப கொஞ்சம் யோசிக்குது. எப்பலேர்ந்து?" என்பாள். "பனி விழ ஆரம்பிச்சதுலேர்ந்து" என்பார் அவர் வாயைப் பிளந்து.

அவள் வேலை பார்க்கும் கியர்பாக்ஸ் பழுதுக் கடையின் முதலாளி லைல் பெட்ரி ஒருநாள் யாருக்கும் தெரியாமல் தானும் பூட்ஸைக் கழற்றிப் பார்த்தான். ஃபேர்பேங்க்ஸ் ஊரை இரண்டு முறை சுற்றினான். கால்விரல்கள் மரத்துப்போனதுதான் மிச்சம். அப்பா காலத்திலிருந்து கியர்பாக்ஸோடு பிழைக்கும் குடும்பம் அவனுடையது. மார்லிஸ் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. இன்னும் அவள் கண்ணை மூடினால் இவன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறான்.

மார்லிஸுக்கு ஐம்பத்தெட்டு வயது, அகலமான தோள்கள், ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டிய நரைமுடி. முன்பு பள்ளிக்கூட பஸ்களைப் பழுது பார்க்கும் கொட்டகையில் பதினேழு வருஷம் இருந்தாள். மேல்சட்டைப் பையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்ட பிஸ்கட் எப்போதும் இருக்கும். படகுக்காரர்கள் மாதக்கணக்கில் வைத்துத் தின்னும் பைலட் பிஸ்கட், கல் மாதிரி இருக்கும். யோசனை ஓடும்போது அதை ஓரத்திலிருந்து கடித்து அரைத்துக்கொண்டே இருப்பாள். அரைப்பது நின்றால் ஏதோ அகப்பட்டுவிட்டது என்று லைல் தெரிந்துகொள்வான்.

அவள் மேஜைக்கு மேலே சுவரோடு சுவராக ஒரு கயிறு ஓடுகிறது. அதில் நூற்றுக்கணக்கில் காபி வடிகட்டும் வெள்ளைத் தாள்கள் கிளிப் போட்டுத் தொங்குகின்றன. கடைக்கு வரும் ஒவ்வொரு வண்டியின் கியர் ஆயிலிலும் ஒரு சொட்டு எடுத்துத் தாளில் விட்டு, அது வட்டம் வட்டமாகப் பரவுவதைக் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். சிவப்பாகச் சீராகப் பரவினால் ஆயில் நல்லது. நடுவில் கறுப்பு தங்கினால் உள்ளே ஏதோ தேய்கிறது. ஓரம் பழுப்பானால் கருகியிருக்கிறது. தாளின் மூலையில் பென்சிலால் தேதி மட்டும்தான், பெயர் கிடையாது. ஒருநாள் லைல் சும்மா இல்லாமல் ஒரு பழைய தாளைக் கழற்றி நீட்டினான். "தபால் ஆபீஸ்ல இருந்தாளே சிவப்புமுடிக்காரி, அவ பிக்கப். இழுக்க முடியாத படக இழுத்தவ" என்றாள் அவள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

கார் கம்ப்யூட்டரில் செருகிக் கோளாறு எண்ணைப் படிக்கும் கருவி கடையில் இருக்கிறது. அதற்கு மார்லிஸ் வைத்திருக்கும் பெயர் குறிசொல்லி. "வண்டி என்ன புலம்புதுன்னு அது சொல்லும். ஏன் புலம்புதுன்னு அதுக்கு என்ன தெரியும்?" என்பாள். அதை எடுக்கவே மாட்டாள் என்றில்லை. எல்லாம் பார்த்து முடித்து, கடைசியில் எடுப்பாள்.

வருகிறவர்களிடம் அவள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கார் எங்க தூங்குது?" முதல்முறை வருகிறவர்கள் விழிப்பார்கள். லைல் கவுண்டருக்குப் பின்னாலிருந்து, "ராத்திரி எங்க நிறுத்துறீங்கன்னு கேக்குறா" என்று மொழிபெயர்ப்பான். பனிச்சறுக்கு வண்டி இழுக்க நாய் வளர்க்கும் ஒருவரின் பிக்கப் திங்கட்கிழமை காலையில் மட்டும் குதித்தது. இரண்டு கடைகளில் சிரித்து அனுப்பிவிட்டார்கள். மார்லிஸ் சிரிக்கவில்லை. ஞாயிறு ராத்திரி தம்பி வீட்டில் தங்குவார், அங்கே வாசல் மேட்டில் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஆயில் கொஞ்சம் குறைவு. சரிவில் அது பின்னால் ஒதுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு லிட்டர் ஊற்றி அனுப்பினாள்.

போன ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை எஃபி ஜோசப் வந்தார். எழுபத்து நான்கு வயது, குள்ளமான உருவம், கழுத்தில் மணி கோத்த மூக்குக்கண்ணாடிக் கயிறு. நெனானாவிலிருந்து ஐம்பத்தைந்து மைல் ஓட்டி வந்து, கணவர் சிட்னியை டயாலிசிஸ் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அந்த நாலு மணி நேர இடைவெளியில் கடைக்கு வந்திருந்தார். கதவைத் திறந்ததும் அவரோடு வெள்ளைப் பனிமூட்டமும் உருண்டு உள்ளே வந்தது. அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் ஆன்ட்டிதான்.

"ஆன்ட்டி, உட்காருங்க. காபி?" என்றான் லைல்.

"காபி குடிக்கவா வந்தேன்? என் வண்டி மூணாவது கியர்ல செத்துப்போவுது. போன வாரம் ரெண்டு தடவ, இன்னிக்கு ஒரு தடவ. பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சே என் காதக் கிழிச்சிட்டான்."

வாரத்துக்கு மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, சிட்னியின் இரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். மூன்றாவது கியரில் முப்பத்தைந்து மைல் வேகத்துக்கு மேல் வண்டி போகாது. மூன்று முறையும் தாமதம். ஒருமுறை அவருடைய நாற்காலியை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, மீதி நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் மட்டும் இயந்திரத்தில் போட்டு அனுப்பினார்கள். அன்று ராத்திரி சிட்னிக்கு மூச்சு வாங்கியது. இந்தக் குளிரில் வழியில் நின்றுவிட்டால் இரண்டு பேரும் அவ்வளவுதான் என்பதை யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் சமூக உதவி பார்க்கும் பெண் நல்லவள். ஊருக்குள் தரைத்தளத்தில் ஒரு அபார்ட்மெண்ட் பேசி வைத்திருந்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் சரியென்று சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் நெனானா வீட்டைப் பூட்டவேண்டியதுதான்.

"சிட் என்ன சொல்றாரு?" என்று மார்லிஸ் கேட்டாள்.

"வாயத் தொறக்க மாட்டேங்குறார் மனுஷன். அவர் பேசாம இருந்து நான் பாத்ததில்ல. அம்பத்தோரு வருஷமா 'கொஞ்சம் சும்மா இருய்யா'ன்னு கெஞ்சினவ நான்." எஃபி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

ஊரில் இன்னொரு கடையில் ஏற்கனவே காட்டியிருந்தார். அவர்கள் கருவியைச் செருகினார்கள், பிரஷர் சோலனாய்டு என்று எண் வந்தது, கியர்பாக்ஸையே மாற்றவேண்டும், மூன்று வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள்.

பெயர்தான் பெரிதே தவிர அந்தச் சோலனாய்டு கட்டைவிரல் அளவு மின்சுருள். ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் ஆயிலின் அழுத்தத்தில் ஓடுகிறது. எந்த நேரத்தில் எவ்வளவு அழுத்தம் என்பதைக் கம்ப்யூட்டர் இந்தச் சுருளுக்கு மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் சொல்லும். சுருளிடமிருந்து பதில் வராவிட்டால் கம்ப்யூட்டருக்குக் கிலி பிடித்துவிடும். உள்ள அழுத்தம் அத்தனையும் போட்டு வண்டியை மூன்றாவது கியரில் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எஞ்சினை அணைத்து மறுபடி கிளப்பும்வரை விடாது. எஃபி வழியில் ஒருமுறை அணைத்துக் கிளப்பியிருந்தால் பாதிக் கதை அங்கேயே தெரிந்திருக்கும். ஆனால் மைனஸ் நாற்பதில் நடுரோட்டில் ஓடுகிற எஞ்சினை அணைக்க இந்த ஊரில் பிறந்த யாருக்கும் கை வராது.

மார்லிஸ் பூட்ஸைக் கழற்றிப் பின்சீட்டில் ஏறினாள். எஃபி ஓட்டினார். நான்கு கியரும் வெண்ணெயாக விழுந்தன. ஆயில் சொட்டு தாளில் சிவப்பாக, சீராகப் பரவியது. கியர்பாக்ஸில் அழுத்தமானியை மாட்டிப் பார்த்தாள், கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தமும் உள்ளே இருந்த அழுத்தமும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கின. மின்சுருளின் தடையை அளந்தாள். ஐந்து ஓம், புதுச் சுருளுக்கு இருக்கவேண்டிய அளவு. குறிசொல்லி மட்டும் அதே பாட்டைப் பாடியது.

"சோலனாய்ட மாத்திருவோம். அதத்தானே சொல்லுது" என்றான் லைல்.

"நல்ல சோலனாய்டு லைல் அது. வலிக்காத பல்லப் புடுங்கினா வலிக்கிற பல்லு சும்மா இருக்குமா?" மார்லிஸ் பிஸ்கட்டை எடுத்தாள். "ஆன்ட்டி, கார் எங்க தூங்குது?"

"வீட்டு வாசல்ல. எஞ்சின் உறையாம இருக்க ராத்திரி முழுக்க ஹீட்டர் ஒயர் சொருகித்தான். கியர்பாக்ஸ் அடியிலயும் ஹீட்டர் பட்டை இருக்கு, அக்டோபர்ல சிட்னி அவர் கையால ஒட்டினது. நான் காலைல உட்கார்ந்தா கியர் கல்லு மாதிரி இருக்கக் கூடாதாம்."

"ஒயரச் சொருகினபடியே வண்டிய எடுத்துட்டீங்களா எப்பவாவது? இழுத்துக்கிட்டு?"

"நான் என்ன குளிரே தெரியாத டெக்சாஸ்லேர்ந்து நேத்து வந்தவளா?"

லைல் சட்டென்று கணக்குப் புத்தகத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டான். இரண்டு வருஷத்துக்கு முன் அவனே ஒயரும் பிளக்குமாக அரை மைல் இழுத்துக்கொண்டு போனவன்.

மார்லிஸ் பிஸ்கட்டை அரைத்துக்கொண்டே கேட்டாள். "மக்கர் பண்றது வீட்லேர்ந்து கிளம்புறப்பவா, இங்கேர்ந்து திரும்புறப்பவா?"

"கிளம்புறப்பதான். திரும்புறப்ப சொன்னபடி கேக்குது."

"ஆஸ்பத்திரி வாசல்லயும் நாலு மணி நேரம் இதே குளிர்லதான் நிக்குது. அங்கயும் ஒயர் சொருகுறீங்க."

"ஆமா. ஒவ்வொரு வண்டிக்கும் மூக்குக்கு நேரா பிளக் கம்பம் வெச்சிருக்கான்."

அரைப்பது நின்றது. லைல் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினான். மார்லிஸ் பிஸ்கட்டைப் பையில் போட்டாள். "நாளைக்குக் காலைல நான் நெனானாவுக்கு வர்றேன். இன்னிக்கு எப்பவும் நிறுத்துற மாதிரி நிறுத்துங்க. அதுக்கப்புறம் வண்டியத் தொடாதீங்க. ஒயரயும் கழட்டாதீங்க. சிட்டையும் கிட்ட விடாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

"நாளைக்கு நாலு வண்டி வரிசைல நிக்குது மார்லிஸ்" என்றான் லைல்.

"நிக்கட்டும். அதுங்களுக்கு நாற்காலி ஒண்ணும் போயிடாது."

முணுமுணுத்துக்கொண்டே லைல் தானும் கிளம்பினான். கடையைப் பார்த்துக்கொள்ள மைத்துனனைக் கூப்பிட்டுவிட்டான். வேலை கெட்டுப்போகிறது என்று மனைவியிடம் புலம்பினானே தவிர, மார்லிஸ் ஒரு கோளாறைத் தேடிப் போகும்போது கூடப் போகாமல் இருக்க அவனால் முடியாது. அது அவனுக்கே தெரியும்.

காலை ஒன்பது மணி. இன்னும் வெளுக்கவில்லை. மைனஸ் நாற்பத்து நான்கு. புகைபோக்கிகளின் புகை நேராக மேலே போய் அப்படியே நின்றுகொண்டிருந்தது. எஃபியின் பச்சை வேன் வாசலில் உறைபனி பூத்து நின்றது. மார்லிஸ் இறங்கினாள். முன்மூடியைத் திறப்பாள் என்று லைல் டார்ச்சை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள், பிறகு மூக்குக்கு முன்னால் வந்து நின்றவள் நின்றபடியே இருந்தாள்.

வேனின் மூக்கிலிருந்து வீட்டுத் தாழ்வாரத்து பிளக் வரை நீட்டிப்பு ஒயர் போயிருந்தது. தரையில் கிடக்கவில்லை. முழங்கால் உயரத்தில், துணி காயப்போடும் கொடிபோல விறைத்து அந்தரத்தில் நின்றது.

சிட்னி வெளியே வந்தார். மெலிந்துவிட்ட உடம்பின்மேல் பழைய கோட்டு தொளதொளத்தது. கையில் முழங்கை வரை ஏறும் நீர்நாய்த்தோல் கையுறைகள். "பழைய பிளக் கம்பம் வண்டிக்குப் பக்கத்துலயே இருந்துது" என்றார். "அக்டோபர்ல பனி தள்ற வண்டிக்காரன் இடிச்சு சாய்ச்சிட்டான். வசந்தத்துல நட்டுக்கலாம்னு தாழ்வாரத்துலேர்ந்து இழுத்தேன். சரியா எட்டுச்சு."

"சரியாத்தான் எட்டுது" என்றாள் மார்லிஸ்.

கோட்டுக்குள் மார்போடு அணைத்து வைத்திருந்த மல்டிமீட்டரை வெளியே எடுத்தாள். முள் ஆடும் பழைய வகை. எண் காட்டும் புதிய கருவிகளின் திரை இந்தக் குளிரில் இரண்டு நிமிஷத்தில் குருடாகிவிடும். முன்மூடியைத் திறந்து, கம்ப்யூட்டர் பக்கமிருந்த கனெக்டரைக் கழற்றி, கியர்பாக்ஸுக்குப் போகும் ஒயர்களில் இரண்டில் கவ்விகளை மாட்டினாள். முதலில் வேறொரு சுருளை அளந்தாள். முள் நாலில் போய் நின்றது. குளிரில் செம்பின் தடை இறங்கும், நாலு என்பது சரிதான். அடுத்து பிரஷர் சோலனாய்டு. முள் அசையவேயில்லை. சுருள் என்று ஒன்று உலகத்தில் இல்லாததுபோல ஓரத்தில் கிடந்தது.

நேற்று கடையில் ஐந்து ஓம் காட்டிய சுருள். லைல் மீட்டரை எட்டிப் பார்த்தான். "செத்துருச்சா?"

"பொறு. மீட்டரப் புடி, கோட்டுக்குள்ள வெச்சுக்கிட்டுப் பாரு. முள்ள விட்டு கண்ண எடுக்காத." பிறகு திரும்பினாள். "சிட் அங்கிள், அந்த ஒயர் நடுவுல போய் நில்லுங்க. கழட்ட வேணாம். வண்டிப் பக்கமா லேசாத் தள்ளிக் குடுங்க. ஒரு சாண் போதும்."

சிட்னி விறைத்த ஒயரை இரண்டு கையுறைகளாலும் பிடித்து வேனை நோக்கித் தள்ளினார். முள் துள்ளி நாலில் நின்றது.

"விடுங்க."

முள் விழுந்தது.

"தள்ளுங்க."

நாலு.

இருபது அடி தூரத்தில் ஒரு நோயாளி மனிதர் ஒரு ஒயரைத் தொடுகிறார், இங்கே லைலின் மார்புக்குள் ஒரு கியர்பாக்ஸின் நாடி வந்து வந்து போகிறது. நேற்று பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தபோதே அவளுக்கு இந்த வாசல் தெரிந்துவிட்டது. நெனானாவுக்கு அவள் அதுவரை வந்ததே இல்லை. சர்ச்சில்கூட அவனுக்கு இப்படி ஒரு சிலிர்ப்பு வந்ததில்லை.

சிட்னி முகத்தைப் பார்த்தபோது அந்தச் சிலிர்ப்பு அடங்கிவிட்டது. ஹீட்டர் பட்டையிலிருந்து வந்து வேனின் மூக்கில் நீட்டிப்பு ஒயரோடு சேரும் ஒயரை எங்கே கட்டினோம் என்பது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. கல் எதிலும் மாட்டி அறுந்துவிடக் கூடாது என்று, கியர்பாக்ஸின் சொந்த ஒயர்களோடு சேர்த்து, கியர்பாக்ஸ் பக்கத்துக் கனெக்டருக்கு நாலு விரல் தள்ளி, பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தார். ஒன்றுக்கு மூன்றாக. ராத்திரி குளிர் ஏற ஏற ஒயர் விறைத்துச் சுருங்கியது. தாழ்வாரம் ஒரு பக்கம் இழுத்தது, அவருடைய கட்டு மறுபக்கம் பிடித்துக்கொண்டது. நடுவில் அகப்பட்ட கனெக்டருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் ஊசிகளில் ஒன்று மயிரிழை அளவு பின்வாங்கியது. காலையில் பிளக்கைக் கழற்றினாலும் விறைத்த கட்டு உடனே தளராது, ரோட்டில் வண்டி குலுங்கும்போது ஊசி மறுபடி விலகும், கம்ப்யூட்டர் மூன்றில் இறுக்கிக்கொள்ளும். எஞ்சின் சூடு பரவினால்தான் ஒயர் தளர்ந்து ஊசி தானே இடத்துக்கு வரும். சூடான கடையில் எத்தனை நாள் நிறுத்தி வைத்தாலும் இது அகப்பட்டிருக்காது.

"நான்தானே கட்டினேன்" என்றார் சிட்னி. "அவளக் கொல்லப் பாத்துருக்கேன் நான்."

"ஏய்யா, ஆரம்பிக்காத" என்றார் எஃபி தாழ்வாரத்திலிருந்து. "அம்பத்தோரு வருஷமா முயற்சி பண்ற. இன்னும் வழி தெரியல உனக்கு."

மார்லிஸ் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. "கட்டு நல்ல கட்டு அங்கிள். நான் பாத்த எந்தக் கடையிலயும் இவ்ளோ பத்திரமா கட்டினதில்ல. படுக்க ஏதாவது இருக்கா?" என்றாள்.

சிட்னி உள்ளே போய்க் காட்டுமான் தோல் ஒன்றைக் கொண்டுவந்து பனியின்மேல் விரித்தார். நுனியை இழுத்துச் சுருக்கமெல்லாம் எடுத்தார். மார்லிஸ் அதன்மேல் படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தாள். கையுறையோடு ஊசி வேலை நடக்காது. வெறும் விரலால் அரை நிமிஷம், பிறகு கையை அக்குளுக்குள், மறுபடி அரை நிமிஷம். எண்ணிக்கொண்டு செய்தாள், லைலுக்கு எண்ணிக்கை கேட்டது. மூன்று பட்டைகளையும் வெட்டினாள். பின்வாங்கிய ஊசியைப் பல்டாக்டரின் கொக்கியால் முன்னே தள்ளினாள். க்ளிக் என்று ஒரு சத்தம். ஹீட்டர் ஒயரை வேறு வழியாக, தாராளமாகத் தொங்கவிட்டுக் கட்டினாள். இருபது நிமிஷத்துக்கும் மேல் ஆனது. வெளியே வந்தபோது அவள் புருவம் முழுக்க வெள்ளையாகியிருந்தது.

மீட்டரை வாங்கிக்கொண்டு, "இழு" என்றாள் லைலிடம். லைல் நீட்டிப்பு ஒயரைத் தன் பலம் கொண்டமட்டும் தாழ்வாரத்துப் பக்கம் இழுத்தான். முள் நாலிலேயே நின்றது.

வீட்டுக்குள் தொலைபேசி அடித்தது. யாரும் போகவில்லை. எல்லோருக்கும் அது யாரென்று தெரியும்.

"சரியாயிடுச்சுன்னு அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணுகிட்ட சொல்லிடட்டுமா?" என்றார் எஃபி.

சரியாகிவிட்டது என்ற சொல் மார்லிஸ் வாயிலிருந்து வந்து லைல் கேட்டதேயில்லை. "வண்டி இன்னும் உறைஞ்சுதான் கிடக்கு ஆன்ட்டி. மக்கர் பண்ண இதவிட நல்ல நேரம் அதுக்குக் கிடைக்காது. ஆத்துப் பாலம் வரைக்கும் ஓட்டிட்டு வாங்க. நான் கூட வரல" என்றாள்.

மார்லிஸ் கம்ப்யூட்டர் கனெக்டரை மாட்டி, நீட்டிப்பு ஒயரைக் கழற்றினாள். எஃபி வேனில் ஏறி, ஒருமுறை கணவரைப் பார்த்துவிட்டு, எடுத்தார். ராத்திரியெல்லாம் நின்று அடிப்பக்கம் தட்டையாகிப்போன டயர்கள் தடக் தடக்கென்று உருண்டன. பின்விளக்குகள் பனிமூட்டத்துக்குள் இரண்டு புள்ளிகளாகி மறைந்தன.

மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். அந்தக் குளிரில் காற்று அசைவதில்லை, சத்தம் தரையோடு ஒட்டி வெகுதூரம் வரும். மார்லிஸ் வலதுகைக் கையுறையைக் கழற்றி, கையை முன்னால் நீட்டி, தலையைச் சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டாள். எஞ்சின் ஓசை ஏறி ஒருமுறை தணிந்தது. இரண்டு விரல்களை நிமிர்த்தினாள். மறுபடி ஏறித் தணிந்தது, லைலுக்கும் கேட்டது. மூன்று விரல்கள். அதற்குப் பிறகு ஓசை மெலிந்துகொண்டே போனது. மூன்றில்தான் எப்போதும் நின்றுபோகும். லைல் காதுமடலைக் குல்லாவிலிருந்து விடுவித்துக்கொண்டு கேட்டான். ஒன்றுமேயில்லை. எங்கோ ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது. சிட்னி சாலையைப் பார்க்கவேயில்லை. அந்த மூன்று விரல்களையே பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, மூச்சுவிடாமல் நின்றார்.

வெகுநேரம் போலிருந்தது. மார்லிஸ் நான்காவது விரலை நிமிர்த்தினாள்.

சிட்னி தன் கையுறை ஒன்றைக் கழற்றி, குளிரில் வெளுத்துப்போன அந்த விரல்கள் நான்கும் மறையும்படி அவள் கையில் மாட்டி, முழங்கை வரை இழுத்துவிட்டார்.